காட்டுக்குக் குடிபூரல்

என்னை ஒரு காட்டு நிபுணன் என்று இந்த உலகத்தில் நம்பியவர் ஒருவர்தான். அவர் என் மனைவியின் அண்ணை. லண்டனில் இருந்தார். நான் அத்தான் என்று கூப்பிடுவேன்.

அவருடைய கணக்கு நேரானது. கனடா முழுக்கக் காடு, நான் கனடாவில் இருக்கிறேன், ஆகவே எனக்குக் காடு தெரியும். நாங்கள் குடியிருந்ததோ மொன்றியலில், பியர்பொன்ட்ஸ் பக்கம், வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்றில். வீட்டுக்கு முன்னால் ஒரு மரம் நின்றது. அது நகரசபையின் மரம் என்பதற்கு மேல் அதைப்பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. வேலை புவாண்ட்-கிளேரில், ஒரு வேர்ஹவுஸில். துறைமுகத்திலிருந்து வரும் கொண்டெய்னர்களில் குளியலறைக் குழாய்கள் இருக்கும். அவற்றை இறக்கி அடுக்குவது என் தொழில்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதியில் ஒரு சனிக்கிழமை காலை அத்தான் போன் எடுத்தார். லைன் சரியில்லை.

"தம்பி, காடு வாங்கிட்டன்" என்றார்.

எனக்கு வீடு என்று கேட்டது. சந்தோஷம் சொல்லி, எத்தனை அறை என்று விசாரித்தேன். பிறகுதான் விளக்கினார். லண்டனிலிருந்து காரில் போகக்கூடிய தூரத்தில், கென்ட் பக்கம், ஒரு பெரிய காட்டைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்து விற்றார்களாம். அதில் ஒன்றை வாங்கியிருக்கிறார். அதில் வீடு கட்ட முடியாது. கொட்டில் போடவும் ஆயிரம் சட்டம். அப்படியென்றால் அங்கே என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். போய் நிற்பேன் என்றார்.

அதன் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. மரத்தில் பாசி பிடித்திருக்கிறது, சுரண்டலாமா? அணில் முறைத்துப் பார்க்கிறது, ஏன்? தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என்னோடு வேலை செய்த கியூபெக்காரர் ஒருவர் இலையுதிர் காலம் வந்தால் துவக்கோடு காட்டுக்கு வேட்டைக்குப் போகிறவர். அத்தானின் கேள்விகளை அரைப் பிரெஞ்சிலும் அரை ஆங்கிலத்திலும் அவரிடம் கேட்பேன். அவர் எதைக் கேட்டாலும் கரடியில்தான் வந்து முடிப்பார். கரடியைக் கண்டால் ஓடக்கூடாது, காட்டுக்குள் சத்தம் எழுப்பிக்கொண்டே நடக்கவேண்டும் என்றார். நான் அதை அப்படியே லண்டனுக்கு அனுப்பினேன். இங்கிலாந்தில் கரடி இல்லை என்பது அத்தானுக்கும் தெரியும். இருந்தாலும் சாமியறையில் இருந்த கைமணியை எடுத்து இடுப்புப் பட்டியில் கட்டிக்கொண்டுதான் காட்டுக்குப் போனார். பாதுகாப்புக்குத்தானே, இருக்கட்டும் என்றார்.

ஒரு வருடத்துக்கு மேல் இப்படிப் போனது. அவர் அங்கே சும்மா நிற்கவில்லை. பழைய ரயரும் பியர்க் கானும் பொறுக்கி வெளியே போட்டார். விழுந்த கொப்புகளை ஓரமாக அடுக்கினார். இருந்து ஆறத் தன் கையாலேயே ஒரு மர வாங்கு செய்து போட்டார். இதெல்லாம் முடிந்ததும் ஐயரைக் கூப்பிட்டு, பால் காய்ச்சி, காட்டுக்குக் குடிபூரல் வைக்கப்போவதாகச் சொன்னார். நாங்கள் கட்டாயம் வரவேண்டும். முக்கியமாக நான் வந்து மரங்களைப் பார்த்து அபிப்பிராயம் சொல்லவேண்டும்.

"வீட்டுக்குத்தானே குடிபூரல் செய்யிறது" என்று என் மனைவி போனில் கேட்டாள்.

"சொந்தமா ஒரு இடம் எண்டால் முறை முறைதானே" என்றார் அவளுடைய அண்ணை.

அந்த ஆடி மாதம் நானும் மனைவியும் லண்டன் போனோம். குடிபூரல் அன்று காலை அத்தானின் காரில் நாங்கள் இரண்டு பேர், அத்தான், நான் அக்கா என்று கூப்பிடும் அவருடைய மனைவி, ஒரு ஐயர். அக்கா அதுவரை அந்தக் காட்டில் கால் வைத்ததில்லை. காலடியில் வடைச் சட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இது முடிந்தால் இவர் அடங்கிவிடுவார் என்ற நம்பிக்கையில் வந்தாள். ஐயர் பட்டு வேட்டிக்குக் கீழே முழங்கால் வரை றப்பர்ச் சப்பாத்து போட்டிருந்தார். சேறு என்று முன்பே எச்சரித்திருந்தார்களாம். காடு வாங்கிய கையோடு காருக்குள் பூட்டிய வழிகாட்டும் கருவி ஒரு பெண் குரலில் திருப்பங்களைச் சொல்லிக்கொண்டு வந்தது. அது ஒரு ஒடுங்கிய ஒழுங்கையில், நீங்கள் வந்து சேர்ந்துவிட்டீர்கள் என்றது.

ஒழுங்கையின் இரண்டு பக்கமும் மரம். இடது பக்கத்தில் ஒரு மரக் கேற். அத்தான் இறங்கி, பொக்கெற்றிலிருந்து திறப்பை எடுத்து, பளபளத்த பெரிய பூட்டைத் திறந்தார். காணியை விற்றவர்கள் தந்த திறப்பு வேறு ஒன்று என்றும், அவர் முதல் தரம் வந்தபோதே கேற்றில் பூட்டைக் காணவில்லை என்றும், ஆரோ களவெடுத்துவிட்டார்கள் என்றும், அதனால் இது தான் வாங்கிப் போட்ட பூட்டு என்றும் எங்களுக்குச் சொன்னார். காடு வாங்கிய புதிதில் விற்றவர்களின் திறப்பை லண்டன் வீட்டுக் குசினிச் சுவரில் மாட்டியவர், அதைப் பிறகு எடுக்கவே இல்லை.

உள்ளே போனதும் என்னை எல்லோரும் பார்த்தார்கள். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தேன். முதல் மரத்தைத் தொட்டு, நல்ல மரம் என்றேன். அத்தான் தலையாட்டினார். இரண்டாவதைத் தட்டிப் பார்த்தேன். அதுவும் நல்ல மரம்தான். ஒரு மேட்டில் பெரிய பொந்து ஒன்று இருந்தது. அத்தான் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். இது ஏதோ மிருகத்தின் வீடு என்றேன். ஐயர் அதைப் பெரிய விஷயமாக எடுத்துக்கொண்டு, ஏற்கெனவே ஆள் இருக்கிற இடம் என்றால் கிரியையில் கொஞ்சம் மாற்றம் செய்யவேண்டும் என்று யோசித்தார்.

ஐயருக்கு வேறு கவலைகளும் இருந்தன. வாசல் எது என்றார். கேற்றைக் காட்டினோம். சாமியறை எது என்றார். அத்தான் ஒரு ஓக் மரத்தடியைக் காட்டினார். குசினி என்று கேட்டபோது அத்தான் திண்டாடிப்போனார். கடைசியில் வாங்குக்குப் பக்கத்தில் இருந்த வெறும் நிலம் குசினி ஆயிற்று. வெட்டுப்பட்ட ஒரு அடிமரத்தில் நிறைகுடம் வைத்தோம். மாவிலை கிடைக்காததால் அக்கா வீட்டு வேலியிலிருந்து ஏதோ தடித்த இலையை முறித்துக்கொண்டு வந்திருந்தாள்.

பால் காய்ச்சுவதில்தான் பிரச்சினை வந்தது. சின்னக் காஸ் அடுப்பு. காற்று நெருப்பை ஒரு பக்கமாகச் சரித்துக்கொண்டே இருந்தது. பால் பொங்கி வழியவேண்டும், அதுவும் நல்ல நேரம் முடிவதற்குள். நாங்கள் கொண்டுபோன குடைகளை எல்லாம் விரித்து அடுப்பைச் சுற்றிக் குந்தினோம். மந்திரம் நடந்துகொண்டிருந்தது. பால் அசையவில்லை.

அப்போது கேற் பக்கம் சத்தம் கேட்டது. ஒரு வெள்ளைக்காரக் கிழவர் கேற்றுக்கு மேலால் ஏறிக்கொண்டிருந்தார். ஒரு காலைப் போட்டுவிட்டு மற்றக் காலை எடுக்க அவர் பட்ட பாட்டைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. கேற் பூட்டாமல்தான் கிடந்தது, தள்ளியிருந்தால் வந்திருக்கலாம். அவர் பின்னால் கேற்றுக்குக் கீழால் ஒரு நாய் இலகுவாக நுழைந்து வந்தது.

அத்தான் மெதுவாக, பாவம், வழிப்போக்கர், ஒன்றும் சொல்லவேண்டாம் என்றார். கிழவர் வந்தார். தொப்பியைக் கழற்றினார். ஐயர் மந்திரத்தை நிறுத்தாமலே அவரைக் குந்தச் சொல்லிக் கை காட்டினார். கிழவர் மறுபேச்சில்லாமல் குந்தி, எங்கள் குடைகளுக்கு நடுவில் இருந்த இடைவெளியைக் கண்டு, தன் தொப்பியால் அதை மறைத்துப் பிடித்தார். காற்று வந்த ஓட்டை அதுதான் போலிருக்கிறது. கொஞ்ச நேரத்தில் பால் பொங்கி வழிந்தது. அத்தானின் கண் கலங்கியது. கிழவரும் எங்களோடு சேர்ந்து கைதட்டினார்.

அவருக்குச் சந்தனம் வைத்தோம், பொங்கலும் வடையும் கொடுத்தோம். வாங்கில் இருந்துகொண்டு முழுவதையும் சாப்பிட்டார். நாய்க்கும் ஒரு வடை கொடுத்தார். எல்லாம் முடிந்து கையைத் துடைத்த பிறகுதான், இப்படிக் கேட்பதற்கு மன்னிக்கவேண்டும் என்று தொடங்கி, அத்தானிடம் கேட்டார்:

"அந்தப் பூட்டு உங்களுடையதா?"

அத்தான் பெருமையோடு ஓம் என்றார். கிழவர், நல்ல பலமான பூட்டு என்றார். பிறகு, இது என்னுடைய காடு என்றார்.

நான் மொழிபெயர்ப்பில் ஏதோ பிழை என்றுதான் நினைத்தேன். ஆனால் எல்லோரும் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொண்டிருந்தோம். அத்தான் காணி வாங்கிய விவரத்தைச் சொன்னார். ஒழுங்கையில் இடது பக்கத்துக் கேற் என்றுதான் விற்றவர்கள் சொன்னார்கள் என்றார். கிழவர் யோசித்துவிட்டு, எந்தப் பக்கத்தால் வந்தால் இடது பக்கம் என்று சொன்னார்கள் என்று கேட்டார். கிராமத்துப் பக்கத்தால் என்றார் அத்தான். சொல்லும்போதே அவருடைய குரல் இறங்கிவிட்டது. ஆனால் முதல் நாளிலிருந்தே அவர் வழிகாட்டும் கருவி சொன்னபடி பெருந்தெருப் பக்கத்தால் வந்துகொண்டிருக்கிறார். ஒழுங்கை அதேதான். இடது பக்கம்தான் மாறிவிட்டது.

அத்தானின் காடு ஒழுங்கைக்கு அங்கால் இருந்தது.

ஒரு வருடமாக ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று என் மனைவி கிழவரைக் கேட்டாள். அவர் சங்கடப்பட்டார். யாரோ வந்து குப்பை பொறுக்குகிறார்கள், வாங்கு போடுகிறார்கள், அதனால் உள்ளூர்க் கவுன்சில் ஆள் என்று நினைத்தாராம். பூட்டும் கவுன்சில் போட்டதாக்கும் என்று ஏறிக் குதித்தே வந்து போயிருக்கிறார். மணிச் சத்தம் கேட்டதும் ஆட்டைக் கொண்டுவந்து மேய விடுகிறார்கள் என்று நினைத்து, அந்த நேரங்களில் நாயை வீட்டில் விட்டுவிட்டு வந்தாராம். கேட்பது மரியாதையாகப் படவில்லை என்றார்.

ஐயர், இது எல்லாம் எதற்குச் செய்தது என்பதைக் கிழவருக்குச் சொல்லவேண்டும் என்றார். இங்கே குடியிருப்பவர்கள் நோய் நொடி இல்லாமல், சண்டை சச்சரவு இல்லாமல் வாழவேண்டும் என்பதற்காக என்று நான் விளக்கினேன். கிழவர் அந்த மேட்டுப் பொந்தைப் பார்த்துவிட்டு, இங்கே குடியிருப்பது பாட்ஜர் என்கிற பொந்து மிருகங்கள் மட்டும்தான் என்றார்.

"அப்ப அதுகளுக்குத்தான் போய்ச் சேரும்" என்றார் ஐயர். "நல்ல நேரமும் முடிஞ்சுது. திருப்பிச் செய்யேலாது."

நாங்கள் ஒழுங்கையைக் கடந்து அத்தானின் காட்டைப் பார்க்கப் போனோம். கேற்றில் துருப்பிடித்த பூட்டு ஒன்று தொங்கியது. ஒருவரும் களவெடுக்கவில்லை. அதன் திறப்பு லண்டனில் குசினிச் சுவரில் இருந்தது. கேற்றுக்கு அங்கால் முள்ளுப் பற்றை ஆள் உயரத்துக்கு மண்டிக்கிடந்தது. அதற்குள் மரங்கள் நின்றிருக்கலாம். ஒருவரும் என்னிடம் அபிப்பிராயம் கேட்கவில்லை.

அக்காதான் முதலில் சிரித்தாள். சிரித்துச் சிரித்து, சீலையோடு ஒழுங்கை ஓரத்தில் இருந்துவிட்டாள். பிறகு என் மனைவி. ஐயரும் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். அத்தான் மட்டும் கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் பக்கத்தில் போனேன்.

"தம்பி" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி. "என்னை ஒருத்தரும் எழும்பு எண்டு சொல்லேலாத ஒரு இடம் வேணுமெண்டுதான் வாங்கினனான். கடைசியில நான் இன்னொருத்தன்ர காணிக்குப் பூட்டுப் போட்டிருக்கிறன்."

யாழ்ப்பாணத்தில் அவர்களை எழும்பச் சொல்லிவிட்டு அவர்களுடைய வீட்டுக் கேற்றில் ஆமிக்காரர் பூட்டுப் போட்ட கதை எங்கள் எல்லோருக்கும் தெரியும். அந்தச் சங்கடத்தில் நிற்கும்போது கிழவர் வந்து அத்தானின் தோளைத் தொட்டார். எனக்கு முழங்கால் சரியில்லை, காட்டை முன்னைப்போல் பார்க்க முடிவதில்லை, நீங்கள் தொடர்ந்து வந்தால் எனக்கு உதவி என்றார். வாங்கு மிகவும் வசதியாக இருக்கிறது என்றும் சொன்னார். பூட்டை மட்டும் எடுத்துவிட முடியுமா என்று கேட்டார்.

அத்தான் அந்தப் பூட்டை எடுத்தார். ஆனால் போவதை நிறுத்தவில்லை. பிறகு பல வருடங்கள், கிழவர் இருந்த காலம் வரைக்கும், அந்த இடது பக்கக் காட்டைத்தான் அவர் துப்புரவாக வைத்திருந்தார். தன்னுடைய காட்டை ஒருமுறை திறந்து உள்ளே போனாராம். நாலு அடி வைத்ததும் சேட் முள்ளில் கிழிந்தது, திரும்பி வந்துவிட்டார்.

நான் மொன்றியலுக்குத் திரும்பி, வேர்ஹவுஸில் அந்தக் கியூபெக்காரரிடம் இதையெல்லாம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கரடி இல்லை, மான் இல்லை, அத்தனை பேரும் கேற்றால் போய் வருகிறீர்கள், அதைக் காடு என்று சொல்லக்கூடாது என்று கோபப்பட்டார்.

இரண்டு வருடம் கழித்து அத்தான் எங்களிடம் வந்தார், இலை சிவக்கிற காலத்தில். உண்மையான காடு பார்க்கவேண்டும் என்றார். காரில் வடக்கே கூட்டிக்கொண்டு போனேன். நகரம் முடிந்து, கடைகள் முடிந்து, இரண்டு பக்கமும் மரம், மலைகளுக்கு மேலும் மரம். வேலி இல்லை, கேற் இல்லை, ஒரு மனிதர் இல்லை. நான் காரை ஓரம் கட்டினேன். அத்தான் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தார். அப்படியே நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது ஆற்றை காணி?" என்று கேட்டார்.

தெரியாது, அரசாங்கத்தின் காணியாக இருக்கும் என்றேன். இறங்கிப் போகலாம், இங்கே ஒருவரும் கேட்கமாட்டார்கள் என்று இரண்டு தரம் சொன்னேன்.

"பேந்து ஆரும் வந்து கேட்டால்?" என்றார்.

காலை உள்ளே எடுத்துக் கதவைச் சாத்தினார். மனைவி கட்டித் தந்த இடியப்பத்தைக் காருக்குள் இருந்தே சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம்.