பெல் அடித்து வந்தவர்கள்

இன்று காலை குருவிச் சத்தத்தில் காலிங் பெல் அடித்தது. நைட்டிமேல் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தால், எங்கள் வீட்டில் சமைக்கும் செல்வி. இத்தனை வருடமாக விரலால்தான் தட்டுவாள்.

என் சின்ன வயதில் அம்மாவும் அப்படித்தான். மாடம்பாக்கத்தில் நிறைய வாடகை வீடுகள் வைத்திருந்த ஒரு குடும்பத்துக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுப்பாள். அங்கேயும் குருவி பெல்தான். அம்மா அதைத் தொடமாட்டாள். கதவைத் தட்டிவிட்டு, உள்ளே காதில் விழும்வரை நிற்பாள். "பெல் விருந்தாளிங்களுக்குடி. நாம வேலையா வந்திருக்கோம்" என்பாள். ஒருநாள் நான் எக்கி அமுக்கிவிட்டேன். வீட்டுக்கார அக்கா தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு, சிரித்த முகமாக ஓடி வந்தார்.

"அட, நீங்கதானா! யாரோ வந்துட்டாங்கன்னு நெனச்சேன்."

நல்ல மனுஷிதான், குடிக்கத் தண்ணீரும் கொடுத்தார். அம்மாவும் கூடச் சிரித்தாள். திரும்பும் வழியில் என் கையைப் பிடித்துக்கொண்டு வேகவேகமாக நடந்தாள்.

இன்று செல்வி பட்டுப்புடவையில், கையில் தட்டோடு நின்றாள். "வேலைக்கு வரலக்கா. பொண்ணுக்குக் கல்யாணம், பத்திரிகை வெக்க வந்துகிறேன்."

"உள்ள வாங்க, உக்காருங்க."

"இன்னாக்கா, புதுசா வாங்க போங்கன்றீங்க?" என்று சிரித்தபடி சோபாவில் உட்கார்ந்தாள்.

நான் காபி போடப் போனேன். டப்பாக்களைத் திறந்து திறந்து மூடியது அவளுக்குக் கேட்டிருக்கும். எழுந்துவந்து அவளே போட்டுவிடுவாளோ என்று பயந்தேன். வரவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தாள்:

"சக்கர மேல் தட்டுல கீதுக்கா. எனக்கு ரெண்டு ஸ்பூன் போடுங்க."