நல்ல பித்தளை

என் கையெழுத்து கோணல். எழுத்துப்பிழையும் வரும், ஐந்தாம் வகுப்போடு நின்றவன். மகள் திருத்திக் கொடுத்த பிறகும் பிழை ஏதேனும் தங்கியிருந்தால், உறவினர்களும் நண்பர்களும் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. அதனால் அப்பாவின் இந்த நினைவு மலரில் எழுதுகிறேன்.

அப்பா தங்கச் சுரங்கத் தொழிலாளர்கள் குடியிருக்கும் பாலகாட் லைன் வீட்டில் பிறந்தார். அவர் தொட்டிலில் இருக்கும்போதே தாத்தா பீரங்கிப் படையில் சேர்ந்து பர்மாவுக்குப் போனார். யுத்தம் முடியுமுன்பே, அவர் இறந்த செய்தி மட்டும் வந்தது. வெகுநாள் கழித்து, கூட இருந்தவர் என்று ஒருவர் வந்து பித்தளைக் கூடு ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். பீரங்கிக் குண்டைச் சுட்டபின் மிஞ்சுகிற கூடு. தாத்தாவின் படம்கூட இல்லாத வீட்டில் அதுதான் தாத்தா. அதில் சாமந்தி வைத்து விளக்கேற்றுவோம். சிறுவயதில் அதன் முன் நின்றால் என் முகம் நீண்டு தெரியும். பின்னால், தங்கம் பிரித்தெடுத்தபின் கொட்டிய மண் குவிந்த சயனைடு மேடு வெள்ளையாக வளைந்து தெரியும். அந்த மேட்டுக்கு அப்பால்தான் பர்மா என்று நினைத்திருந்தேன்.

அப்பா சுரங்கத்தில் இறங்கி எங்களை வளர்த்தார். தூசி நெஞ்சில் தங்கியதும் மேலே வந்து, ஆண்டர்சன்பேட்டையில் ஒரு பழைய பித்தளைக் கடையில் உட்கார்ந்தார். பங்களாக்களில் குடை வைத்திருந்த கூடுகளும் சர்ச்சுகளில் பூ வைத்திருந்த கூடுகளும் அங்கே வரும். அப்பா கவிழ்த்து, அடிப்பக்கத்தைக் கட்டைவிரலால் தடவுவார். எந்த அளவு பீரங்கி, எந்த வருஷம், எங்கே செய்தது என்று அங்கே பொறித்திருக்கும். நடுவில் பீரங்கியின் ஊசி குத்திய பள்ளம் இருந்தால் சுட்டது. பட்டாளத்திலிருந்து திரும்பியவர்களிடம் கேட்டுக் கேட்டு இதையெல்லாம் தெரிந்துகொண்டார்.

ஒருமுறை ஊரிகத்திலிருந்து ஓர் அம்மாள் வந்தார்.

"எங்க மாமனார் சண்டைலருந்து கொண்டாந்தது. மெய்தானான்னு பாத்து சொல்லுங்கண்ணா."

"வருஷம் பொருந்துதும்மா. பள்ளமும் கீது. அவரு காது இன்னா பாடு பட்டிருக்கும்!"

"அதானா! நான் கூப்ட்டா மட்டும்தான் கேக்காதுன்னு இத்தினி நாளா நெனச்சிக்கினு இருந்தேன்."

வருஷம் பொருந்தாவிட்டால் அப்பா பொய் சொல்ல மாட்டார். "நல்ல பித்தளைம்மா. விக்காத, வூட்லயே வெச்சிக்க" என்பார். அவ்வளவுதான்.

எங்கள் வீட்டுக் கூட்டை அவரே புளி போட்டுத் தேய்ப்பார். அதற்கு ஒரு மரப் பீடம் செய்து, அடிப்பக்கம் தெரியாதபடி இறுக்கி வைத்திருந்தார். நம்முடையது எந்த வருஷம் என்று கேட்டால், "நல்ல பித்தளைடா" என்பார். அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

அப்பா போய் வருஷம் திரும்புகிறது. இந்த மலரின் அட்டையில் அந்தக் கூட்டைப் போட்டு, 'பர்மாவில் தாத்தா சுட்ட குண்டு' என்று எழுத வேண்டும் என்பது அத்தையின் ஆசை. அத்தை அப்பாவின் அக்கா. படமெடுக்கத் தூக்கினேன். கறையான் தின்ற பீடம் உதிர்ந்தது. அடிப்பக்கத்தைத் துடைத்துப் பார்த்தேன். பள்ளம் இருந்தது. வருஷம், யுத்தம் முடிந்ததற்கு அடுத்த வருஷம்.

அதோடு எழுதுவதை நிறுத்திவிட்டேன். சொன்னால், இந்த வயதில் அத்தை தன் அப்பாவை மறுபடியும் பறிகொடுப்பார். சொல்லாவிட்டால், அப்பா ஒருநாளும் சொல்லாத பொய்யை அவருடைய மலரிலேயே நான் எழுத வேண்டும்.

கடைசியில் கூட்டை எடுத்துக்கொண்டு போய்ச் சொன்னேன். அத்தை அதை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தார்.

"அந்த ஆளு வாசல்லயே நின்னுக்கினு இருந்தாருடா. உக்காருங்கன்னா உக்காரல. எங்கம்மா மூஞ்சிய பாக்கல. எங்கப்பா பொருளு ஒண்ணும் கெடைக்கல போல. கைய வீசிக்கினு எப்டி வருவாரு? எங்கியோ தேடி வாங்கியாந்துகிறாரு."

"அட்டைல இன்னா எழுதட்டும் அத்த?"

"உங்கப்பன் சொன்னதையே எழுது."

அட்டைப் படத்தின் கீழே அதைத்தான் எழுதியிருக்கிறேன்.

கடைசி நாட்களில் அப்பாவுக்கு ஆக்ஸிஜன் சிலிண்டர் தூக்கி வந்த லைன் பிள்ளைகளுக்கும், மழையில் தோள் கொடுத்தவர்களுக்கும் நன்றி. நாங்கள் பெயர்கூடக் கேட்காமல் அனுப்பிவிட்ட அந்த மனிதருக்கும், அவருடைய பிள்ளைகள் எங்கே இருந்தாலும் அவர்களுக்கும், எங்கள் குடும்பத்தின் வணக்கம்.

இன்று கூட்டில் சாமந்தி வைத்தேன். முகம் இப்போதும் நீண்டுதான் தெரிகிறது.

தை மாதம், காணும் பொங்கலன்று எழுதி முடித்தேன்.