அருளப்பன் பெத்த புள்ள

பம்மலில் ஸ்டார் பிரதர்ஸ் ஃபுட்பால் டீமின் ஆட்டம் பிரிட்டோவின் டிரம் இல்லாமல் ஆரம்பித்ததில்லை. ஆட்டக்காரன் ஒவ்வொருவனும் கோட்டைத் தாண்டி உள்ளே கால் வைக்குமுன், பிரிட்டோ டிரம்மை ஒரு அதட்டு அதட்டி, "யாரு பெத்த புள்ள?" என்று கேட்பான். கூட்டம் அப்பன் பேரைச் சொல்லிக் கத்தும். அப்பன் உயிரோடு இருந்தாலும் சரி, போய்ச் சேர்ந்திருந்தாலும் சரி, பேர் விழுந்த பிறகுதான் பிள்ளை மைதானத்துக்குள் போவான். வெளியூர் டீம்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

பிரிட்டோ, பிலோமினாளின் கடைசி மகன். பிலோமினாளுக்கு ஒரே அண்ணன் சூசை, சூசைக்கு ஒரே மகன் அருளப்பன். முறைக்கு மச்சான் என்றாலும் பிரிட்டோவுக்கு அவன் கூடப் பிறந்தவன் மாதிரி. நவமணி லெதர்ஸில் பிரிட்டோவைக் கூட்டிப் போய் வேலைக்குச் சேர்த்ததே அவன்தான். பல வருஷத்துக்கு முன்னால், அடைமழை நேரத்தில், அந்தத் தோல் ஃபேக்டரியின் கழிவுத் தொட்டியில் அடைப்பு எடுக்க இறங்கிய அருளப்பனை விஷவாயு அடித்துப் பிணமாகத்தான் தூக்கினார்கள். அவனாக இறங்கினான் என்று கம்பெனி எழுதிவிட்டது. யார் இறங்கச் சொன்னது என்று அங்கே வேலை செய்த எல்லாருக்கும் தெரியும். பிரிட்டோவுக்கும் தெரியும். வாயைத் திறந்தவர் இல்லை.

அருளப்பன் பெண்டாட்டி கிறிஸ்டினா ஆஸ்பத்திரியில் கூட்டிப் பெருக்கி மகன் ஜோஷ்வாவை ஆளாக்கினாள். இன்றைக்கு ஸ்டார் பிரதர்ஸில் ஒன்பதாம் நம்பர் அவன்தான்.

இந்த வருஷம் கிளப் செக்ரட்டரி ஷ்யாம்சுந்தர் வாட்ஸ்அப்பில் புது ஜெர்ஸி படத்தைப் போட்டார். நெஞ்சுக்குக் குறுக்கே கொட்டை எழுத்தில் 'நவமணி லெதர்ஸ்'.

பேபி டீக்கடையில் அன்றைக்கு டீ ஆறிப்போனதுதான் மிச்சம்.

"இத்த போட்டுகினு தோத்தா, தோல உரிச்சிட்டோம்னு மறைமலை நகர்காரன் கிண்டலடிச்சே தீத்துடுவான்" என்றார் பொன்னுசாமி.

"நீ அங்கதான சம்பளம் வாங்குற பெருசு?"

"வாங்கறேன். அதுக்கு நெஞ்சுல வேற ஒட்டிக்கணுமா?"

சிரித்தார்கள். பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் டீயைக் குடித்தார்கள். அங்கே இருந்தவர்களில் பாதிப் பேர் நவமணியில் வேலை செய்கிறவர்கள்.

சாயங்காலம் ஷ்யாம்சுந்தர் பிரிட்டோவைத் தனியாகக் கூப்பிட்டார். "புரிஞ்சுக்கோங்க பிரிட்டோ. ஸ்பான்சர் இல்லைன்னா லீக்ல என்ட்ரியே இல்லை. ஃபர்ஸ்ட் மேட்சுக்கு ஓனரோட பையன் ஹர்ஷா சார் நேர்ல வர்றார். இப்ப கம்பெனிய அவர்தான் பாத்துக்கறார். அந்த அப்பா பேர் விஷயம்... இந்த ஒரு மேட்ச் மட்டும் நம்பர் சொல்லிக் கூப்பிடுங்களேன். எல்லாருக்குமே நம்பர்தான்."

பிரிட்டோ வீட்டில் வளரும் இரண்டு பெண்பிள்ளைகளை நினைத்தான். "சரி சார்" என்றான்.

வீட்டு வாசலில் கிறிஸ்டினா காத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாடா, அந்தக் கம்பெனி பேர ஒட்டிகினு எம்புள்ள ஓடணுமா?"

"வேற வழியில்லக்கா. டீமே இருக்காது."

"போட்டுக்கட்டும். ஆடணும்னு ஆசப்படறான். அவங்கப்பன் பேர மட்டும் நல்லா சத்தமா சொல்லு. இந்த வாட்டி நானும் வரேன், காதால கேக்கணும்."

மைதானத்துப் பக்கமே வராதவள் அவள். நம்பர் விஷயத்தைப் பிரிட்டோ அவளிடம் சொல்லவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஷாமியானாவுக்குக் கீழே ஹர்ஷா உட்கார்ந்திருந்தான், பக்கத்தில் ஷ்யாம்சுந்தர். கோல் போஸ்ட் ஓரத்தில் கிறிஸ்டினா, நல்ல சேலை கட்டிக்கொண்டு.

பிரிட்டோ அடித்தான். "ஒண்ணாம் நம்பர்!"

கூட்டத்துக்கு என்ன கத்துவதென்று தெரியவில்லை. "யோவ், இன்னாய்யா ரேஷன் கடையில கூப்புடற மாரி கூப்புடற?" என்றார் பொன்னுசாமி. கோல்கீப்பர் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே உள்ளே போனான். இரண்டாவது ஆள், மூன்றாவது ஆள். டிரம் சத்தம் தகர டப்பாவாகக் கேட்டது. கிறிஸ்டினா இருந்த பக்கம் பிரிட்டோ தலையைத் திருப்பவில்லை.

கடைசியாக ஜோஷ்வா.

"ஒம்பதாம் நம்பர்!"

ஜோஷ்வா கோட்டுக்கு வெளியே நின்றான். நகரவில்லை. ரெஃப்ரி விசில் ஊதினார். அப்போதும் நகரவில்லை.

"டேய், உள்ள போடா" என்றான் பிரிட்டோ.

"மாமா, எங்கப்பா பேரு இன்னா?"

ரெஃப்ரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஷாமியானாவிலிருந்து ஷ்யாம்சுந்தர் வேண்டாம் என்று கையை ஆட்டினார். பிரிட்டோ டிரம்மை ஓங்கி அடித்தான்.

"யாரு பெத்த புள்ள?"

"அருளப்பன் பெத்த புள்ள!"

முதலில் சில குரல்தான். இரண்டாம் தடவை நவமணிக்காரர்களும் சேர்ந்து கத்தினார்கள். ஜோஷ்வா மண்ணைத் தொட்டுச் சிலுவை போட்டுக்கொண்டு உள்ளே ஓடினான்.

ஆட்டம் தொடங்கிய சூட்டிலேயே ஷ்யாம்சுந்தர் வேர்க்க விறுவிறுக்க வந்தார். "சரின்னு சொல்லிட்டு இப்படிப் பண்ணிட்டீங்களே! நல்லவேளை, அவருக்கு ஒண்ணும் தெரியலை. அருளப்பன் யாருன்னு கேட்டார். நம்ம பழைய பிளேயர், பெரிய ஸ்ட்ரைக்கர்னு சொல்லிட்டேன். அவர் பேர்ல ஒரு கப் குடுத்துடலாம்கறார். அப்படியே விட்டுடுங்க பிரிட்டோ. எல்லாருக்கும் நல்லது."

நல்லதுதான். ஜெர்ஸிக்கும் பங்கமில்லை, நாளைக்கு ஃபேக்டரி கேட்டிலும் யாரும் நிறுத்தப் போவதில்லை. ஆனால் அருளப்பன் ஜென்மத்தில் பந்தை உதைத்தவன் இல்லை. ஆட்டம் பார்க்க வந்தால் வேர்க்கடலையைத் தின்றுவிட்டுத் தூங்கிவிடுவான். கப்பில் பேர் ஏறிவிட்டால் அப்புறம் அதுதான் அவன் கதை. தொட்டியில் யாரும் இறங்கவும் இல்லை, சாகவும் இல்லை என்று ஆகிவிடும்.

"யாருடா பிளேயரு?" பின்னால் கிறிஸ்டினா நின்றிருந்தாள். எல்லாம் கேட்டுவிட்டாள் என்பது முகத்திலேயே தெரிந்தது.

பிரிட்டோ டிரம்மைக் கழற்றிப் பொன்னுசாமி தோளில் மாட்டிவிட்டு ஷாமியானாவைப் பார்த்து நடந்தான்.

ஹர்ஷா சிரித்துக்கொண்டே கையை நீட்டினான். "சூப்பர் டிரம்மிங்!"

"சார், அருளப்பன் ஆட்டக்காரரு இல்ல. நம்ம ஃபேக்டரி கழிவுத் தொட்டில எறங்கிச் செத்தவரு. அவரா எறங்கல, எறங்கச் சொன்னாங்க. அதோ நிக்கறாங்களே, அவரு சம்சாரம்."

நீட்டிய கை அப்படியே நின்றது. ஹர்ஷா அந்தப் பக்கம் பார்த்தான். கிறிஸ்டினா கண்ணைத் தாழ்த்தவில்லை.

"நீங்க யாரு?" என்றான் ஹர்ஷா.

பிரிட்டோ தன் பேரையும், அந்த ஃபேக்டரியில் எந்த செக்‌ஷனில் வேலை என்பதையும் சொன்னான். சொல்லிவிட்டுத் திரும்பினான். பின்னாலிருந்து யாரும் கூப்பிடவில்லை.