படுகளத்து மண்

எல்லாத் தொழிலிலும் செய்த சாமான் நாலு காலம் நிற்க வேண்டும் என்று பார்ப்பார்கள். நான் செய்வது அன்று சாயங்காலத்துக்குள் உடைபட்டே ஆக வேண்டும். காலையில் போட்ட கோலத்தின் மேல் மத்தியானமே சைக்கிள் ஓடுவதைப் பார்த்தவர்களுக்கும், பாடுபட்டுச் சமைத்ததை ஒரு வார்த்தை சொல்லாமல் தின்றுவிட்டு எழுந்து போகிறவர்களுக்குப் பரிமாறியவர்களுக்கும் என் பாடு புரியும்.

உத்திரமேரூர்ப் பக்கம் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடந்தால், பதினெட்டாம் நாள் போருக்குத் துரியோதனனை மண்ணால் செய்து மல்லாக்கப் படுக்க வைப்பார்கள். அதற்குப் படுகளம் என்று பெயர். வருஷம் முழுக்கக் கோபுரத்துப் பொம்மைகளுக்குச் சுதை வேலையும் வர்ணமும் பார்த்துக்கொண்டிருந்த நான், எழுபதுகளில் கோடை வந்தால் ஊர் ஊராகப் போய்த் துரியோதனன் செய்தேன். கடைசியில் சொல்லப் போகும் ஊருக்காகத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன். அங்கே ஒரு தாய்க்கு, செத்துப்போன மகனை நினைத்து வாய்விட்டு அழ இடமில்லாமல் இருந்தது.

வர்ணப் பொடி

உத்திரமேரூர் கடைத்தெருவில் ஒரு பாய் கடையில்தான் எனக்கு வர்ணப் பொடி. நீலம், மஞ்சள், மீசைக்குக் கறுப்பு. பொட்டலம் கட்டிக்கொண்டே எந்த ஊர், எத்தனை ஆள் நீளம் என்று விசாரிப்பார். மானாம்பதியில் மீசையை மேலே முறுக்கச் சொல்லி ஒரு கோஷ்டியும் கீழே இறக்கச் சொல்லி ஒரு கோஷ்டியும் என் தலையை உருட்டியதைச் சொன்னேன். வாங்கிப்போன கறுப்பு முழுவதும் அந்த மீசைக்கே தீர்ந்து, கண்ணுக்கு அடுப்புக்கரி அரைத்தேன் என்றேன்.

பாய் சிரிக்கவில்லை. தராசைக் கீழே வைத்துவிட்டு, நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் போலக் கேட்டார்: "ஏன் மேஸ்திரி, இந்த வாட்டியாச்சும் உங்காளு பொழச்சிக்குவானா?"

எந்தத் தொடை

துரியோதனன் தொடைக்குள் ஒரு சின்ன மண்பானை புதைத்து வைப்பேன். அதில் மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த சிவப்புத் தண்ணீர் இருக்கும். பீமன் வேஷக்காரர் கதாயுதத்தால் அங்கே அடிக்க வேண்டும். பானை உடைந்து ரத்தம் வர வேண்டும். அதைத் தொட்டுத்தான் திரௌபதி இத்தனை நாள் அவிழ்ந்து கிடந்த கூந்தலை முடிவாள். அவள் கூந்தலை முடிக்காமல் ஊரில் ஒரு கல்யாணப் பேச்சு எடுக்க மாட்டார்கள்.

பெருநகர்ப் பக்கம் ஓர் ஊரில் பீமனுக்கு அது முதல் வருஷம். இடது தொடை என்று காலையிலேயே சொல்லி வைத்தேன். ஓங்கி அடித்தார். வெறும் மண் தெறித்தது. மறுபடி அடித்தார். ரத்தம் வரவில்லை. திரௌபதி வேஷம் போட்டவர் தலையை விரித்தபடியே நின்றார். அம்மனுக்கு ஏதோ குறை என்று ஒரு கிழவர் கற்பூரத்தைத் தேட ஆரம்பித்துவிட்டார். நான் ஓடிப்போய் மறு தொடையில் கையை வைத்துக் காட்டினேன். அடுத்த அடியில் ரத்தம் பீறிட்டது, பெண்கள் குலவை போட்டார்கள். வேஷம் கலைக்கும்போது பீமனைப் பிடித்துக்கொண்டேன்.

அவருக்கும் கோபம்தான். "நீ படுத்துக்கினு கீறவனுக்கு எடது சொன்ன. கால்மாட்டுல நின்னுக்கினு கீறவன் நானு. எனக்கு எது எடதோ அதுலதான அடிப்பேன்?" என்றார்.

தலை எந்தப் பக்கம்

இந்த ஊரின் பெயர் வேண்டாம். ஏரி மதகுத் தண்ணீருக்காக அங்கே பங்காளிகளுக்குள் சண்டை வந்தது. பச்சையம்மா என்பவளின் மகன், தன் சித்தப்பா மகனை மண்வெட்டியால் அடித்துவிட்டான். அடிபட்டவன் செத்துப்போனான். கேஸ் முடிவதற்குள் ஜெயிலில் காய்ச்சல் கண்டு அடித்தவனும் போய்ச் சேர்ந்தான். பிணம் ஊருக்கு வந்தபோது ஊர் கூடிக் கட்டுப்பாடு போட்டது. மேளம் கிடையாது, பாடை தூக்க யாரும் போகக் கூடாது, பெண்கள் அந்த வாசலை மிதிக்கக் கூடாது. பச்சையம்மாவும் அவள் அண்ணனும் வண்டியில் வைத்துக் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். எங்கள் பக்கம் சாவில் ஒருத்தி தனியாக அழுவது வழக்கமில்லை. இன்னொருத்தி எதிரில் உட்கார்ந்து தோளைக் கட்டிக்கொண்டால்தான் ஒப்பாரி எழும். கட்டிக்கொள்ள ஆள் வராததால் அவள் அழவே இல்லை என்று கோயில் பூசாரி எனக்குச் சொன்னார்.

விடிந்ததிலிருந்து மண் மிதித்து, மார்பு வரை எழுப்பியிருந்தேன். வழக்கம்போல ஆளாளுக்கு யோசனை சொல்லிவிட்டுப் போனார்கள். ஒருத்தி மட்டும் ஒன்றும் சொல்லாமல் வேலியோரம் நின்றாள். கிட்டே வந்து, தலை எந்தப் பக்கம் வைப்பாய் என்று கேட்டாள். தெற்கே என்றேன். ஏனம்மா என்று கேட்டேன்.

"முன்னாடியே தெரிஞ்சா எடம் புடிச்சிக்குவேன் மேஸ்திரி. தல மாட்டுலதான பெத்தவ குந்தணும்?" என்றாள்.

காந்தாரி நிறுத்திய பாட்டு

பீமன் அடித்தாயிற்று, திரௌபதி கூந்தல் முடித்தாயிற்று. அதற்குப் பிறகு கூத்துக்காரர் ஒருவர் காந்தாரி வேஷத்தில் வந்து மகனுக்காக அழுவார். ஊர்ப் பெண்கள் நாலு பேர் கூட உட்கார்ந்து ஒப்புக்கு மாரடிப்பார்கள். அன்று காந்தாரி பாட ஆரம்பித்ததும், என்னிடம் தலைப்பக்கம் விசாரித்த அந்தப் பச்சையம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து தலைமாட்டில் உட்கார்ந்தாள். காயாத கன்னத்தில் கையை வைத்தாள். நீலம் அவள் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது. "தண்ணி கட்டப் போன ராசா, தாகத்தோட வந்தியா" என்று ஒரு வரி எடுத்தாள். துரியோதனன் எந்தக் கழனிக்கும் தண்ணீர் கட்டப் போனதில்லை என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். காந்தாரி பாட்டை நிறுத்திவிட்டார். மாரடிக்க வந்த நாலு பெண்களும் எழுந்து தள்ளிப் போனார்கள்.

ஊர்ப் பெரியவர் ஒருவர் முன்னால் வந்தார். பூசாரி அவர் கையைப் பிடித்து, கட்டுப்பாடு அவள் மகனுக்குத்தான், துரியோதனனுக்கு அழுவதை யாரும் தடுக்க முடியாது என்றார். பெரியவர் நின்றுவிட்டார். ஆனால் அவள் பக்கத்தில் போக ஒருவருக்கும் காலெழவில்லை. முதல் வரியைத் தாண்ட முடியாமல் பச்சையம்மா திக்கினாள். எத்தனையோ துரியோதனனை அடிவாங்க விட்டுவிட்டு டீ குடிக்கப் போனவன் நான். அன்று பார்க்கச் சகிக்கவில்லை.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து தனம்மா எழுந்து வந்தாள். பச்சையம்மாவின் கொழுந்தன் மனைவி, மண்வெட்டி அடியில் மகனைப் பறிகொடுத்தவள். மயிரைப் பிடித்து இழுக்கப் போகிறாள் என்றே எல்லோரும் நினைத்தோம். இரண்டு ஆண்கள் தடுக்கவும் ஓடினார்கள். அவள் அவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தலைமாட்டுக்குப் போய், புடவையை ஒதுக்கிக்கொண்டு நின்றாள்.

"தள்ளிக் குந்து அக்கா, எனக்கும் எடம் வோணும்" என்றாள்.

ஊரே கூடி அடிக்க ஒரு துரியோதனன் வேண்டும் என்றுதான் என்னைக் கூப்பிடுகிறார்கள். கட்டிக்கொண்டு அழவும் ஒருவன் வேண்டியிருக்கிறது என்பதைக் கூலி பேசும்போது ஒருத்தரும் சொல்வதில்லை.