அக்காவின் பயத்தை நான் வெளியே சொன்ன அன்று

அக்காவின் ஓராண்டு நினைவுத் திருப்பலிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் பங்கு மக்களுக்கும் அவருடைய ஒரே தங்கையின் வணக்கம். எங்கள் எதிர்வீட்டு மெரீனாவிடம் நடந்த செபமாலையில் நான் அக்காவைப் பற்றிச் சொன்ன 'சாட்சியத்தை' இதில் கட்டாயம் எழுத வேண்டும் என்று பங்குத்தந்தை முதல் பக்கத்து வீட்டார் வரை கேட்டுக்கொண்டார்கள். எழுதத்தான் போகிறேன். வாசித்த பிறகு உங்களில் சிலர் என்னோடு கதைக்காமல் விடலாம்.

அக்கா புத்தளத்துக் கடற்கரை ஊரான எத்தாளையில், மீன்பிடிக் குடும்பத்தில் மூத்த மகளாகப் பிறந்தார். நான் ஆறு வயது இளையவள். அம்மாவுக்கு மூட்டு வருத்தம் வந்தபோது அக்காவைப் பள்ளிக்கூடத்தால் நிற்பாட்டினார்கள். மீன் வெட்டி, உப்புப் போட்டு, கருவாடு காயவைக்கும் வேலை அவருடையதானது. நான் படித்து ஆசிரியையானேன். அக்கா அதை ஒருநாளும் சொல்லிக் காட்டவில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

கலியாணமாகி எட்டாவது வருடம் அத்தான் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அடுத்த ஞாயிறு அக்கா பூசைக்கு வரமாட்டார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். இரண்டு பிள்ளைகளையும் கையில் பிடித்துக்கொண்டு வந்து, வழமையான இடத்தில் முழந்தாளிட்டார். அன்று பூசையில் வேத வாசகம் வாசிப்பது என் முறை. நாலைந்து நாள் பழகி, கஞ்சி போட்ட சேலை உடுத்திப் போயிருந்தேன். நான் வாசித்ததை ஒருவரும் கேட்கவில்லை. கோயில் முழுக்க அக்காவைப் பார்த்து அழுதுகொண்டிருந்தது. நானும் அழுதேன். ஆனால் என் வாசகம் வீணாய்ப் போனதே என்று உள்ளுக்குள் எரிந்ததும் உண்மை.

அந்த எரிச்சல் பிறகு அணையவேயில்லை. முப்பது வருடமாக ஞாயிறு மறைக்கல்வி படிப்பித்தவள் நான். மன்றாட்டுகள் எல்லாம் பாராமல் சொல்லுவேன். ஆனாலும் பிள்ளைக்குக் காய்ச்சல், புருஷனுக்குக் குடி என்று செபம் கேட்டு வருகிற பெண்கள் என் வீட்டைத் தாண்டித்தான் அக்கா வீட்டுக்குப் போவார்கள். அக்கா கருவாட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு, அவர்களுடன் மாதாவுக்கு ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லி அனுப்புவார். அவ்வளவுதான். பாதர்மார் மாறி மாறி வந்தார்கள். வந்த ஒவ்வொருவரும் என்னைக் கண்டவுடன் கேட்டது, "அக்கா எப்பிடி இருக்கிறா?" என்றுதான்.

பிறகு அக்காவின் சிறுநீரகம் இரண்டும் பழுதாயின. கிழமைக்கு இரண்டு தரம் புத்தளம் ஆஸ்பத்திரிக்குப் போய் மெஷினில் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். விடிய பஸ் ஏறினால் பின்னேரம்தான் வருவார். வந்த களைப்போடு அயலில் யார் வீட்டிலாவது செபமாலை என்றால் அங்கும் வந்து உட்காருவார். "அவவுக்குப் பயம் எண்டதே இல்ல" என்று ஊர் கதைத்தது.

எனக்கு மட்டும் வேறு அக்காவைத் தெரியும். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முதல் நாள் அவர் சாப்பிட மாட்டார். என் வீட்டுக் குசினியில் கதிரையை இழுத்துப் போட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு, "நாளைக்குப் போகாம விடட்டோ? ஊசியை நினைச்சாலே கை நடுங்குதடி" என்று அழுவார். ஊருக்கெல்லாம் தைரியம், எனக்கு மட்டும் அழுகையா என்று அப்போது எனக்குக் கோபம்தான் வந்தது.

ஒக்டோபர் மாதம் மாதா சுரூபச் சிலை நாளுக்கொரு வீடாகப் போகும்; போன வீட்டில் அயல் கூடிச் செபமாலை சொல்லும். அந்த வருடம் மெரீனா வீட்டுக்குப் போன பின்னேரம் செபமாலையை நான் நடத்தினேன். அக்கா அன்று ஆஸ்பத்திரியில். மெரீனாவின் மார்பில் கட்டி என்று ஒப்பரேஷனுக்குத் திகதி கொடுத்திருந்தார்கள். அவள் போக மாட்டேன் என்று நின்றாள். செபம் முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போது ஒருத்தி அவளிடம், "அக்காவைப் பார். பயப்பிடுறாவா?" என்றாள். நான் நடத்திய செபத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. அங்கே இல்லாத அக்காவைப் பற்றித்தான் கதை.

என் வாய் என்னைக் கேட்காமல் திறந்தது. "பயமில்லையோ? போறதுக்கு முதல் நாள் ஒரு வாய் சாப்பிட மாட்டா. என்ர கையைப் பிடிச்சு அழுவா. போகாம விடட்டோ எண்டு கேப்பா. நீங்க பாக்கிறது வெளிக்கோலம்."

அக்காவின் பெயர் அன்றோடு இறங்கும் என்று நினைத்தேன். எனக்கு அது திருப்தியாகவும் இருந்தது.

மெரீனாதான் முதலில் வாய் திறந்தாள். "அவ்வளவு பயத்தோடயோ ஒவ்வொரு முறையும் போறா?" என்றாள். "பயம் வந்தா விசுவாசம் இல்லை எண்டுதான் நான் நினைச்சுக்கொண்டு இருந்தன். அப்ப நானும் போகலாம்."

போனாள். சுகமாகி வந்தாள். இன்று கோயில் வாசலில் இந்த மலரை உங்கள் கையில் தந்தவள் அவள்தான். அன்றைக்குப் பெண்கள் என்னைக் கட்டிப் பிடித்து, பெரிய சாட்சியம் சொன்னீர்கள் என்றார்கள். நான் தலையைக் குனிந்தேன். அதையும் தாழ்மை என்று எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்த முறை அக்காவோடு நானும் பஸ்ஸில் போனேன். மெரீனா வீட்டுக் கதை அதற்குள் அவர் காதுக்குப் போயிருந்தது. பாலாவிச் சந்தி தாண்டியதும் கேட்டார்: "ஏன் அதைச் சொன்னனி?"

"அவளுக்குத் தைரியம் வரட்டும் எண்டுதான், அக்கா."

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஓம், வந்திட்டுத்தானே" என்று யன்னல் பக்கம் திரும்பிவிட்டார்.

அதற்குப் பிறகு அக்கா என் குசினிக்கு அழ வரவில்லை. சுகமாகி வந்த மெரீனாவின் வீட்டுக்குப் போனார். அவள் கையைப் பிடித்து அழுதார். எனக்கென்று இருந்த ஒன்றையும் நானே கொண்டுபோய் அவளிடம் கொடுத்தது போலாயிற்று. எத்தனை நாள் யன்னல் சீலையை விலக்கி, அக்கா எதிர்வீட்டுப் படலையைத் திறப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன் என்று கணக்கில்லை.

கடைசிக் கிழமை பாதர் வந்து எண்ணெய் பூசி நோயில்பூசுதல் கொடுத்தாயிற்று. மெரீனாவும் நானும் மாறி மாறி இருந்தோம். ஒரு பின்னேரம் அக்கா மெரீனாவைத் தேத்தண்ணி போடச் சொல்லி அனுப்பிவிட்டு என் கையைத் தேடிப் பிடித்தார். "பயமா இருக்கடி" என்றார். பழையபடி என்னிடம் வந்துவிட்டார். மெரீனா வீட்டில் ஏன் அப்படிச் சொன்னேன் என்ற உண்மையை அப்போது சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு, மாதா இருக்கிறா அக்கா என்றேன். மறுநாள் காலை அவர் இறைவனிடம் போனார்.

அடக்கத்தன்று கரைத்தீவிலிருந்து ஒரு முஸ்லிம் சகோதரி வந்தார். ஆஸ்பத்திரியில் அக்காவுக்குப் பக்கத்துக் கட்டில்; அக்காவை ராத்தா என்றுதான் கூப்பிடுவார். "ராத்தா ஊசிக்கு நடுங்கிக்கொண்டே செபமாலை உருட்டுறதைப் பார்த்துத்தான் நான் விட்ட தொழுகையைத் திரும்பப் பிடிச்சன்" என்று அழுதார். அவர் மீதும் எனக்குப் பொறாமை வந்தது. அக்காவைப் பார்த்துத் தொழக் கற்றுக்கொண்டார். கூடப் பிறந்த நான் கற்கவில்லை.

பஸ் ஏற முடியாத கடைசி நாட்களில் அக்காவை ஆஸ்பத்திரிக்கு ஏற்றி இறக்கிய முச்சக்கர வண்டித் தம்பிக்கும், ஊசி குத்தும்போது கதை கொடுத்த தாதிமாருக்கும், இரத்தம் கொடுத்தவர்களுக்கும், பந்தல் போட்டுப் பாடைக்குத் தோள் கொடுத்த கரைவலை இழுக்கும் பிள்ளைகளுக்கும், திருப்பலி நிறைவேற்றிய பங்குத்தந்தைக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

மெரீனா, உனக்கு நன்றி சொல்லும் முன் ஒன்று சொல்ல வேண்டும். அக்கா பஸ்ஸில் கேட்டதற்கு நான் சொன்னது பொய். அன்று உன் வீட்டில் நான் பேசியது உனக்குத் தைரியம் வருவதற்காக அல்ல. அக்காவைக் கீழே இழுக்கப் பேசினேன். உன் விசுவாசம் அக்கா கொடுத்தது, அதில் என் பங்கு ஒன்றுமில்லை. இதை அச்சுக்குக் கொடுக்க எனக்குப் பயமாக இருக்கிறது, கொடுக்கிறேன். வாசித்த பிறகும் என் வீட்டுக்கு வர மனமிருந்தால் வா. அக்கா உன்னிடம் அழுத நாட்களில் என்னைப் பற்றி ஏதாவது சொன்னாரா என்று உன்னிடம்தான் கேட்க வேண்டும்.