யாரும் தொடாத கத்தரிக்காய்க் குழம்பு

கடந்த சனிக்கிழமை சிட்னி நார்த்மீட்டில் நண்பர் ஒருவரின் தகப்பனாருக்குத் திவசம். ஐயர் வந்து போய், படைத்து முடிந்ததும் மத்தியானச் சாப்பாடு. இங்கே யாரும் தனியாக நின்று அத்தனை பேருக்கும் சமைப்பதில்லை. வாட்ஸ்அப் குழுவில் பட்டியல் போடுவார்கள், ஆளுக்கொரு கறி. எங்கள் வீட்டுப் பங்கு பருப்பு. லிட்கம்மிலிருந்து வரும் வதனியின் பங்கு எப்போதும் பொரித்த கத்தரிக்காய்க் குழம்பு. (பெயரை மாற்றியிருக்கிறேன்.) வழக்கமாக முதலில் காலியாகும் பாத்திரம் அதுதான்.

அன்று அது காலியாகவில்லை. அதன் பக்கத்தில் வைத்த கரண்டியில் குழம்பே படவில்லை.

ஏன் என்று சொல்ல, சற்றுப் பின்னே போக வேண்டும்.

நான் ஓய்வுபெற்ற மின்பொறியியலாளன் என்பது இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்குத் தெரியும். சொல்லிச் சொல்லியே உங்களை அலுக்க வைத்திருக்கிறேன். இந்த நாட்டில் அணுமின் நிலையம் கட்டச் சட்டம் இடம் தராது. நிலக்கரி நிலையங்களோ ஒவ்வொன்றாக மூடப்போகின்றன. தடையை நீக்குவதா, வெயிலையும் காற்றையும் நம்பிப் போவதா என்று ஆளாளுக்கு வாக்குவாதம். நம்மவர்களும் ஐந்தாறு மாதங்களுக்கு முன் பரமட்டாவில் ஒரு கூட்டம் வைத்து என்னைப் பேசக் கூப்பிட்டார்கள்.

ஒரு மணி நேரம் பேசினேன். அணு வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. செலவைப் பாருங்கள், கட்டி முடிக்க எத்தனை வருடம் என்று பாருங்கள், கழிவை எங்கே வைப்பது என்று கேளுங்கள் – ஆனால் பயத்தை வைத்து மட்டும் முடிவெடுக்காதீர்கள் என்றேன். சிட்னியின் தெற்கில் ஓர் அணு உலை இயங்குவதே பலருக்குத் தெரியவில்லை. மின்சாரத்துக்கு அல்ல, ஆராய்ச்சிக்கும் மருந்துக்கும். சொன்னதும் மண்டபத்தில் சலசலப்பு. கதிர்வீச்சு என்றாலே ஓடுகிறோமே, எவ்வளவு, எத்தனை நாளுக்கு என்று கேட்கிறோமா என்றேன். நன்றாகவே கைதட்டினார்கள். எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் ஏறியது.

கூட்டம் முடிந்து கார் பார்க்குக்குப் போகும்போது வதனி வந்தார். தைராய்டில் புற்றுநோய், ஆபரேஷன் முடிந்துவிட்டது என்று மெதுவாகச் சொன்னார். அடுத்ததாகக் கதிரியக்க அயோடின் குளிசை ஒன்றை விழுங்க வேண்டுமாம். டாக்டர் எல்லாம் விளக்கியிருக்கிறார். ஆனாலும் தெரிந்தவர் ஒருவர் வாயால் கேட்க வேண்டும் போலிருந்திருக்கிறது.

"அதை எடுத்தால் பிறகு நான் ஆக்களோடை பழைய மாதிரிப் பழகலாமோ, அண்ணை?"

பழகலாம் என்றேன். டாக்டர் சொல்லும் நாட்கள் மட்டும் தள்ளி இருங்கள், அதன் பிறகு உங்களால் யாருக்கும் ஒன்றும் வராது என்றேன். அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது.

குளிசையை எடுத்தார். ஆஸ்பத்திரியில் தனியறையில் இருந்தார். வீட்டுக்கு வந்தும், சொன்ன நாள் முடியும்வரை தன் பிள்ளைகளுக்குக்கூட அருகில் போகவில்லை. அதெல்லாம் முடிந்து மூன்று மாதம் ஆகிவிட்டது. வேலைக்கும் போகத் தொடங்கிவிட்டார். எங்கள் கூட்டத்துக்குள் அவர் திரும்பி வந்த முதல் நாள் இந்தத் திவசம்தான்.

சாப்பாட்டு வரிசையில் எனக்கு முன்னே நின்றவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "அவ அந்த அணு மருந்து எடுத்தவ எல்லோ..."

அவ்வளவுதான். கைகள் எல்லாம் கத்தரிக்காயைத் தாண்டி வாழைக்காய்க்குப் போயின.

நான்? அந்த அயோடின் எட்டு நாளுக்கொரு தடவை பாதியாகும் என்று பரமட்டாவில் படம் போட்டுக் காட்டியவன். அது எப்போதோ உடம்பை விட்டுப் போயிருக்கும், கறிக்குள் வர வழியே இல்லை என்று தெரிந்தவன். அத்தனையும் தெரிந்துகொண்டே என் கையும் தாண்டிப் போனது. வாழைக்காயை அள்ளிப் போட்டுக்கொண்டேன்.

தலை நிமிர்ந்தால், குசினி வாசலில் வதனி. பார்த்துக்கொண்டு நின்றார்.

மக்களுக்கு விளக்கம் போதாது என்று என்னைப் போன்றவர்கள் அடிக்கடி அலுத்துக்கொள்வோம். இன்னும் கொஞ்சம் விளக்கினால் பயம் போய்விடும் என்று நம்புவோம். எனக்கு என்ன விளக்கம் குறைந்தது? முன்னே நின்றவர் தெரியாமல் தாண்டினார். நான் தெரிந்து தாண்டினேன். நாலு பேர் எடுக்காத இடத்தில் நான் மட்டும் ஏன் என்ற தயக்கமா, உள்ளே எங்கோ ஒளிந்திருந்த பயமா... யோசித்துப் பார்த்துவிட்டேன், பிடிபடவில்லை.

வெட்கமாக இருந்தது. இதை எழுதும்போதும் இருக்கிறது.

எல்லோரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது வதனி பாத்திரத்தை மூடி எடுத்துக்கொண்டு வெளியே போனார். பின்னால் ஓடினேன். காரின் பின்கதவைத் திறந்து பாத்திரத்தை வைத்துக்கொண்டிருந்தார். அதை எனக்குத் தாருங்கள், வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாப்பிடுகிறேன் என்றேன்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"வேண்டாம் அண்ணை. வீட்டை கொண்டுபோய் ஒளிச்சுச் சாப்பிட்டு என்ன? அங்கை, எல்லாருக்கும் முன்னாலை நீங்கள் ஒரு கரண்டி எடுத்திருந்தால் எனக்கு அதுவே காணும்."

கதவை மூடினார். "போட்டு வாறன்" என்றார், விடைபெறும்போது எப்போதும் சொல்வது போலவே. கார் தெருமுனையில் திரும்பும்வரை நின்றேன்.

ஒரு மணி நேரம் பேசத் தெரிந்தவனுக்கு, ஒரு கரண்டி எடுக்கத் தெரியவில்லை.