என் வீட்டுக்காரர் குடிகாரனாக நடிக்கும் பார்

முதுகுளத்தூர் பஸ் ஸ்டாண்டில் மத்தியானம் ஒரு மணிக்கு மேல் ராமநாதபுரம் வண்டியில் ஏறினேன். இந்தப் பத்திரிகையின் வாசகியர் பயணப் பகுதிக்கு இதற்கு முன் இரண்டு கட்டுரை எழுதியிருக்கிறேன். இரண்டும் கோயில். இந்த முறை போனது சாராயக்கடைக்கு. முகம் சுளிப்பவர்கள் இப்போதே பக்கத்தைத் திருப்பிக்கொள்ளலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

சாதாரணச் சாராயக்கடை இல்லை. உச்சிப்புளியைத் தாண்டி மண்டபத்துக்கு முன்னால் கடற்கரை ரிசார்ட் ஒன்று இருக்கிறது. அதற்குள்ளே நாடகமும் குடியும் சேர்ந்து நடக்கிற பார். காசு கொடுத்து உள்ளே போகிறவர்களும் நாடகத்தில் ஆட்கள்தான். மண் சுவர், ஓலைக் கூரை, அரிக்கேன் விளக்கு என்று ஒரு பழைய துறைமுகத்துக் கள்ளுக்கடையை அப்படியே கட்டியிருக்கிறார்கள். புயல் அடிப்பதற்கு முந்தின சாயங்காலம் அந்தக் கடையில் என்ன நடந்தது என்பது கதை. நிஜமாகவே புயலில் போன ஊர் பாம்பன் பாலத்துக்கு அந்தப் பக்கம் மணலில் கிடக்கிறது. அதைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் இங்கே வந்து குடிக்கிறார்கள்.

அந்த நாடகத்துக்குத் துணி தைத்தது நான். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே தையல் கடை வைத்திருக்கிறேன். ரிசார்ட் மேனேஜரம்மா, கிழிந்த மாதிரி சட்டை வேண்டும் என்று தேடிக்கொண்டு வந்தார். புதுத்துணி எடுத்து, தைத்து, பிளேடால் கீறி, டீத்தண்ணியில் ஊறப்போட்டுக் கொடுத்தேன். வந்த இடத்தில், கடை வாசலில் நின்று நாலு பேரைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் செல்வராஜைப் பார்த்தார். குடிகாரன் வேஷம் ஒன்று காலியாக இருக்கிறது, இவர் வருவாரா என்று கேட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது. கல்யாணம் ஆன நாளிலிருந்து என் வீட்டில் சும்மா கட்டிய வேஷத்துக்கு வெளியே சம்பளம் தருகிறார்கள்.

அவரை அனுப்பியதற்குக் காரணம் அவர் கையில் இருந்த கயிறு. போன ஆடியில் ரத்த வாந்தி எடுத்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, கல்லீரல் இனித் தாங்காது, மறுபடி குடித்தால் இங்கே தூக்கிக்கொண்டு வந்து பிரயோஜனம் இல்லை என்று சொல்லிவிட்டார். எங்கள் பக்கத்தில் குடியை நிறுத்த டாக்டரைவிடக் கருப்பரைத்தான் நம்புவோம். பூசாரி மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டிவிடுவார், ஒரு வருஷக் கெடு. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் இவருக்கும் கட்டிவிட்டார். கயிறு கையில் இருக்கையில் குடித்தவனைக் கருப்பர் உயிரோடு விட மாட்டார். முடியவில்லை என்றால் ஒளிக்கக் கூடாது. கோயிலுக்கு வந்து சூடம் ஏற்றி, அய்யா என்னால் ஏலவில்லை என்று நேருக்கு நேர் சொல்லி, கயிற்றை அவிழ்த்து அவர் அரிவாளில் மாட்டிவிட வேண்டும். அப்படி உத்தரவு வாங்கிப் போனவனைக் கருப்பர் தொடுவதில்லை. மனசு திரும்பினால் மறுபடி வந்து கட்டிக்கொள்ளலாம்.

மேடையில் அவர் கிளாஸில் பால் ஊற்றாத டீதான் என்று மேனேஜரம்மா சத்தியம் பண்ணினார். வாரம் ஒருநாள், திங்கட்கிழமை, வீட்டுக்கு வருவார். வந்ததும் நான் கையைப் பார்ப்பேன். கயிறு இருக்கும். நிம்மதியாக உலை வைப்பேன். ஆனால் கொஞ்ச நாளாகக் கால் வீங்குகிறது, போன திங்கள் கண்ணும் மஞ்சளித்திருந்தது. கேட்டால், "கடக்காத்து ஒத்துக்கல காளி" என்கிறார். கயிற்றை நம்புவதா கண்ணை நம்புவதா என்று தெரியாமல் வெந்துபோனேன். அந்தக் கிளாஸில் இருப்பதை ஒரு வாய் குடித்துப் பார்த்துவிடுவது என்று கிளம்பினேன். மேனேஜரம்மாவிடம், தைத்த துணியை மேடையில் பார்க்க ஆசை என்று சொல்லி ஒரு பாஸ் வாங்கியிருந்தேன். வீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன்.

ராமநாதபுரம் நாற்பது கிலோமீட்டர் சொச்சம். தேரிருவேலி வரைக்கும் ரோட்டோரம் மிளகாய் வத்தல் காய்கிறது. பஸ்ஸுக்குள் ஒருவர் தும்ம ஆரம்பித்தால் வண்டியே தும்முகிறது. பக்கத்தில் இருந்த அம்மாள் எங்கே போகிறேன் என்று கேட்டார். ராமேஸ்வரம் என்று சொல்லிவைத்தேன். எனக்கும் ஒரு கும்பிடு போட்டு வா என்றார். ராமநாதபுரத்தில் வண்டி மாறி, சொன்ன இடத்தில் இறங்கியபோது வெயில் தாழ்ந்திருந்தது. இரண்டு வண்டிக்கும் சேர்த்து எழுபது ரூபாய் ஆனது. அங்கிருந்து கடற்கரைக்கு இரண்டு கிலோமீட்டர், ஆட்டோ நூறு ரூபாய். ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"ஏம்மா, அங்கன வேலைக்குப் போறீகளா, பாக்கப் போறீகளா?"

பார்க்க என்றேன். பாலம் தாண்டினால் குடிக்க இடம் கிடையாது, அதனால்தான் கூட்டம் இங்கன கொட்டுது என்றார்.

நாடகம் ஆறு மணிக்கு. பாஸ் இல்லாதவர்களுக்கு ஆளுக்கு ஆயிரத்து எண்ணூறு ரூபாய், குடிப்பது தனி. வாசலில் கருவாட்டுக்காரி வேஷத்தில் ஒரு பெண் நின்றாள். மேரி என்று பெயர், பாம்பன். நான் தைத்த கண்டாங்கியைத்தான் கட்டியிருந்தாள், கொசுவம் மட்டும் தப்பு. ஒவ்வொருவர் கையிலும் கொஞ்சம் பித்தளை வில்லைகள் கொடுத்து விதியைச் சொன்னாள். உள்ளே மூலையில் படகைப் பறிகொடுத்த ஒரு குடிகாரன் இருப்பான். அவன் சும்மா வாய் திறக்க மாட்டான். ஒரு வில்லை வைத்து ஒரு கிளாஸ் வாங்கிக் கொடுத்தால் கதையில் ஒரு துண்டு சொல்வான். எல்லாத் துண்டையும் யார் சேர்க்கிறார்களோ அவர்களுக்குத்தான் புயல் புரியும்.

உள்ளே போனேன். குடிக்காதவர்களுக்கென்று நன்னாரியும் சாயல்குடிக் கருப்பட்டியும் கலந்த ஒரு பானம் இருந்தது, அறுநூற்று ஐம்பது ரூபாய். மேலே கண்ணாடிக் கூடு போட்டுப் புகையை அடைத்துக் கொண்டுவந்து வைத்தார்கள். கூட்டைத் தூக்கியதும் கருவாடு சுடுகிற வாசனை வந்தது. இதை எங்கள் தெருவில் இந்த விலைக்கு விற்றால் அடிக்க வருவார்கள். ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும், வேலை அத்தனை சுத்தம். எங்கோ காற்று உறுமுகிறது, ஓலை படபடக்கிறது, விளக்கு அணைந்து அணைந்து எரிகிறது, முகத்தில் உப்புத்தண்ணீர் தெறிக்கிறது. எனக்கே பயம் வந்தது.

மூலையில் அவர் இருந்தார். முதுகுளத்தூர்க்காரர், மிளகாய்த் தோட்டத்தில் பிறந்தவர், கடலில் கால் நனைத்ததோடு சரி. ஆனால் அந்த வெளிச்சத்தில் மூன்று தலைமுறை மீன் பிடித்தவராகத் தெரிந்தார். மதுரையிலிருந்து வந்த ஐடி கம்பெனிப் பையன்கள் ஆறேழு பேர் சுற்றி நின்று வில்லை வைத்துக்கொண்டே இருந்தார்கள். கடைக்காரர் கிளாஸில் பழுப்பாக ஊற்றினார். பையன் ஒருவன் அதை எடுத்து முகர்ந்து, "இது டீடா" என்று சொல்லித் தரையில் கொட்டினான். தன் கிளாஸிலிருந்து ஊற்றி நீட்டினான். இவர் வாங்கி ஒரே இழுப்பில் குடித்தார். கைச்சட்டை மேலே ஏறியது. மணிக்கட்டில் கயிறு இல்லை. கயிறு இருந்த இடம் வெளுத்து ஒரு கோடாகத் தெரிந்தது.

நான் கடையின் பின்பக்கமாக ஒதுங்கினேன். சமையலறைக்குப் போகிற வழியில் ஒரு கருப்பர் நின்றார். சென்னையில் ஃபைபரில் செய்து லாரியில் கொண்டுவந்த பொம்மை. மீசை பெயின்ட். கையில் மட்டும் நிஜ அரிவாள். அந்த அரிவாளில் என் வீட்டுக்காரரின் கயிறு தொங்கியது. பூசாரி கோத்துக் கொடுத்த செப்புக் காசு அதில் இருந்தது, அதனால் சந்தேகமே இல்லை. கீழே சிமென்ட் தரை சூடம் எரிந்து கறுத்திருந்தது.

தட்டோடு வந்த மேரியை நிறுத்திக் கேட்டேன்.

"அந்த அண்ணன் தெனமும் வந்ததும் சூடம் ஏத்தி ஏதோ பேசுவாரு அக்கா. பேசிட்டு அத அங்கன மாட்டுவாரு. போகையில எடுத்துக் கட்டிக்கிருவாரு. வேஷத்துக்கு மனச ரெடி பண்றாருன்னு நெனச்சோம்" என்றாள். அவள் மாதா கோயிலுக்குப் போகிறவள், அவளுக்கு என்ன தெரியும். தினமும் இப்படி ஊற்றிக் கொடுக்கிறார்களா என்று கேட்டேன். மொதல்ல டீதான் அக்கா, இப்ப கெஸ்ட் யாரும் டீய ஒத்துக்கிறதில்ல என்றாள்.

நேராகப் போய் அவர் எதிரே உட்கார்ந்து ஒரு வில்லையை வைத்தேன். தலை நிமிர்ந்தவர் என்னைப் பார்த்ததும் வேஷம் அப்படியே கலைந்தது. நான் அவர் முன்னால் இருந்த கிளாஸை எடுத்து ஒரு வாய் குடித்தேன். தொண்டை எரிந்தது. என் வாழ்நாளில் முதல் தடவை.

"கயிற எங்க மாட்டியிருக்கீகன்னு பாத்துட்டேன்" என்றேன்.

"அய்யாகிட்டச் சொல்லிட்டுத்தான் கழட்டுறேன் காளி. கையில கட்டிக்கிட்டு ஒரு சொட்டு தொட்டதில்ல. ஆத்தா சத்தியம்."

"அது பொம்மை."

"அப்படிச் சொல்லாத. சூடம் ஏத்திக் கும்புட்டா அதும் சாமிதான். நம்ம கருப்பர் மட்டும் என்ன, ஆதியில வெறுங்கல்லுதான?"

அவர் ஏமாற்றவில்லை. அதுதான் என்னைக் கொன்றது. கண்ணில் அத்தனை நம்பிக்கை. திருட்டுத்தனமாகக் குடித்திருந்தால் சட்டையைப் பிடித்து இழுத்திருப்பேன். இவர் முறைப்படி உத்தரவு கேட்டு, முறைப்படி அவிழ்த்து, முறைப்படி திரும்பக் கட்டிக்கொண்டு செத்துக்கொண்டிருக்கிறார். ஊருக்குப் போய்க் கேட்க வேண்டிய உத்தரவை வேலைக்கு வந்த இடத்திலேயே கேட்டிருக்கிறார். பொம்மை என்றைக்கு இல்லை என்று சொல்லப்போகிறது?

நான் அழுதேன். வீட்டுக்கு வாங்க, இப்பவே போவோம், பஸ் இருக்கிறது என்று கையைப் பிடித்து இழுத்தேன். டாக்டர் சொன்னதைக் கத்திச் சொன்னேன். அவர், திங்கக்கெழம வாரேன், திங்கக்கெழம வாரேன் என்று அதையே சொன்னார். சுற்றிலும் சத்தம் அடங்கியிருந்தது. பிறகு கை தட்டினார்கள்.

முதலில் எனக்குப் புரியவில்லை. அந்தப் பையன்கள் கைதட்டுகிறார்கள், ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு போன் வைத்துப் படம் எடுக்கிறாள். ஒருவன் என் முன்னால் ஒரு வில்லையை வைத்து, "அக்கா, செமையா நடிக்கிறீங்க, மேல சொல்லுங்க" என்றான். இன்னொருவன் இவர் கிளாஸை நிரப்பினான். இவர் என்னைப் பார்த்தார், கிளாஸைப் பார்த்தார். என் கண் முன்னாலேயே எடுத்துக் குடித்தார்.

எழுந்து கருப்பரிடம் போனேன். கயிற்றை அறுத்து எறிய வேண்டும் என்றுதான் போனேன். அரிவாளில் கை வைத்ததும் ஒரு நினைப்பு வந்து கை மரத்துவிட்டது. இது வெறும் பொம்மை என்றால் இவர் உத்தரவு இல்லாமல் இத்தனை நாள் குடித்தவர் ஆகிறார், நிஜக் கருப்பர் விட மாட்டார். இது சாமி என்றால் சாமியே உத்தரவு கொடுத்துவிட்டது, நான் யார் தடுக்க? எப்படிப் பார்த்தாலும் பிணம் என் வீட்டு வாசலுக்குத்தான் வரும். கடைசியில் கயிற்றை விட்டுவிட்டு அந்த ஃபைபர் மீசைக்குக் கீழே கையெடுத்துக் கும்பிட்டேன். நாளைக்கு இவர் வந்து கேட்டால் கொடுக்காதே அய்யா என்று கெஞ்சினேன். பின்னால் யாரோ அதையும் படம் எடுத்தார்கள்.

மேனேஜரம்மா என்னை ஆபீஸ் ரூமுக்குக் கூட்டிப்போய்த் தண்ணீர் கொடுத்தார். நல்லவர்தான். இனி டீ மட்டும் என்று உறுதி சொன்னார். ஆனால் கெஸ்ட் தன் கிளாஸிலிருந்து ஊற்றினால் எங்களால் கையைப் பிடிக்க முடியாதம்மா என்றும் சொன்னார். இவரை வேலையிலிருந்து நிறுத்திவிடுங்கள் என்று கேட்டேன். கூட்டமே அவருக்காகத்தான் வருகிறது என்றார். இவர் என்னோடு வர மறுத்துவிட்டார். பஸ்ஸில் ஏறி ஊர் வந்து சேர்ந்து, கடை திறந்து, இதை எழுதுகிறேன். இந்தப் பத்திரிகை மதுரைக்கும் சென்னைக்கும் போகிறது; படிக்கிறவர்களில் யாராவது ராமேஸ்வரம் வருவீர்கள், வழியில் அங்கேயும் போவீர்கள். போங்கள், காற்றும் மழையும் பார்க்க வேண்டியதுதான், நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

அவர் சொல்கிற கதையை மட்டும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வானம் கறுத்தபோது குடிகாரனின் தம்பி படகை எடுத்துக்கொண்டு கடலுக்குப் போனான். திரும்பி வரும்போது கரை தெரிய விளக்கு காட்டு என்று அண்ணனிடம் சொல்லிவிட்டுப் போனான். அண்ணன் விளக்கோடு கடைக்குள் வந்து, ஒரு கிளாஸ் என்று உட்கார்ந்தவன் தூங்கிவிட்டான். படகு வரவில்லை. கதை இவ்வளவுதான், இதற்கு மேல் ஒரு துண்டும் கிடையாது. உங்களுக்கு இப்போது எல்லாம் தெரியும். அவருக்கு ஊற்றாதீர்கள்.